மூக்குச் சொம்பின் அடியில் இருந்த பதிமூன்று

போன மாதம் எங்கள் பழைய சோதனை மையத்துப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார்கள். ஒரு வெள்ளிக் கொலுசு, அதன் கொக்கியில் லேசரால் பொறித்த ஆறெழுத்து எண். "சார், இனிமே வெள்ளிக்கும் இது வந்துடுச்சு. நம்பரை போன்ல தட்டினா சாமானோட ஜாதகமே வந்துடும். இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி சார் காலம் தள்ளினீங்க?" என்று கேட்டிருந்தார்கள்.

பயந்துகொண்டே தள்ளினேன் என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மைகளாக வந்து குவிந்தன. நான் தமாஷ் பண்ணவில்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

ஆரணியில் தங்கம், வெள்ளி, ஜரிகை மூன்றையும் சோதித்துச் சான்று தரும் மையத்தில் இருபத்தாறு வருடம் சோதனையாளனாக இருந்தேன். கண் பார்வை கொஞ்சம் மங்கியதும், ஐம்பத்தாறு வயதில் நானாகவே ஓய்வு வாங்கிக்கொண்டேன். "கண்ணு மங்கினதா, தைரியம் மங்கினதா?" என்று வீட்டில் கேட்டார்கள். தைரியம் மங்குவதற்கு முதலில் இருந்திருக்க வேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருடம் ஜரிகையை உரைகல்லில் உரசினேன். இரண்டாம் வருடமும் அதேதான். இடையில் ஒரு நாள் வெள்ளிக்கு அமிலச் சோதனை செய்யச் சொன்னார்கள். நல்ல வெள்ளியின் மேல் அந்த அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் கருஞ்சிவப்பாக மாறும். அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சிவப்பைப் பார்த்ததும் கையை அறுத்துக்கொண்டேன் என்று நினைத்து, "ரத்தம், ரத்தம்" என்று கத்தியபடி நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். கொலுசு கொண்டுவந்திருந்த தேவிகாபுரத்து அம்மாள்தான் என் முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் சார், வெள்ளி நல்ல வெள்ளிதானே?"

நல்ல வெள்ளிதான்.

அடுத்து என்னைப் பக்குவப்படுத்தியது ஜெர்மன் சில்வர். கல்யாணச் சீருக்கு வாங்கிய தட்டு, குத்துவிளக்கு என்று மாதத்துக்கு நாலு பேராவது கொண்டுவருவார்கள். அதில் வெள்ளி மருந்துக்கும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்து வெள்ளி வேஷம் போட்டிருக்கும், அவ்வளவுதான். இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் பெண் வீட்டார் எதிரிலேயே சொல்ல வேண்டியிருக்கும். நான் எப்போதும் தட்டை மேஜையில் வைத்து, நகர்ந்து, கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் சொல்வேன்.

இந்த இரண்டும் முன்னோட்டம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆனபோது ஹேமா மேடம் எங்கள் மையத்துக்குப் பொறுப்பாளராக வந்தார். வேலூர்க்காரர். என்னைவிடப் பதினைந்து வயது சிறியவர். குரலை உயர்த்த மாட்டார். எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜை டிராயருக்குள் வைப்பார், கீறல் விழுந்துவிடக் கூடாது என்று. நாம் எழுதிய அறிக்கையை நம் எதிரிலேயே வாய்விட்டுப் படிப்பார். சரியாக இருந்தால் கையெழுத்து. தப்பாக இருந்தால் பேனாவை மூடி, அறிக்கையின் மேல் படுக்க வைப்பார். திட்டு, முறைப்பு எதுவும் இருக்காது. பேனா படுத்தால் நான் கதவுப் பக்கம் பார்ப்பேன்.

அவர் வைத்த ஒழுங்கு ஒன்று உண்டு. முதலில் கண், பிறகு கேமரா, பிறகு அரம், கடைசியில் மெஷின். அதாவது பொருளைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அதில் என்ன குறி, என்ன எழுத்து இருந்தாலும் படம் எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளியே தெரியாத ஓர் இடத்தில் இழை அளவு அரத்தால் தேய்த்து, அந்த இடத்தை மெஷினில் காட்டுவது. மெஷின் மேல் தோலைத்தான் படிக்கும். பழைய சாமானின் மேல் தோல் பொய் சொல்லும், முலாம் பூசியிருக்கலாம். அதனால்தான் அரம்.

ஒரு செவ்வாய்க்கிழமை சரசா அம்மாள் ஒரு துணி மூட்டையோடு வந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பழைய குடும்பம். மூட்டைக்குள் ஒரு வெள்ளிச் சொம்பு இருந்தது. வாத்துக் கழுத்து மாதிரி வளைந்த மூக்கு, பக்கத்தில் கைப்பிடி. மூடி இல்லை. காபிக்கென்று எங்கோ வெள்ளைக்காரன் செய்தது. இங்கே வந்து கல்யாணங்களில் தாரை வார்க்கிற மூக்குச் சொம்பாகிவிட்டது.

"இது எப்ப செஞ்சதுன்னு எனக்கு எழுதிக் குடுக்கணும் சார்," என்றார்.

"எதுக்கும்மா?"

"எம் பொண்ணுக்குக் கல்யாணம். எங்க பங்காளி கெஜேந்திரன் மண்டபத்துல நின்னு கேட்பேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரியறான்."

விவகாரம் இதுதான். சரசாவின் தாத்தாவும் கெஜேந்திரனின் தாத்தாவும் அண்ணன் தம்பி. அவர்களுடைய அப்பாவுக்கு, சாயப் பொடி விற்க வந்த ஒரு ஜெர்மன் கம்பெனி ஆள் இந்தச் சொம்பைப் பரிசாகக் கொடுத்தான் என்பது சரசா வீட்டுக் கதை. பாகம் பிரித்தபோது சொம்பு மூத்தவருக்கு, மூடி இளையவருக்கு. ஆம், அப்படித்தான் பிரித்தார்கள். இருவரில் ஒருவருக்குக்கூட அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. கெஜேந்திரன் வீட்டுக் கதை வேறு. அவர் தாத்தா சி. முனுசாமி, பம்பாயில் ஆர்டர் கொடுத்து, ஜெர்மனியில் தன் பெயருக்கே செய்து வாங்கியது. அதைச் சரசாவின் வீட்டார் ஒரு கல்யாணத்துக்கு இரவல் கேட்டு வாங்கிப் போனார்கள். திரும்பி வந்தது மூடி மட்டும்.

"எங்கம்மா சாகற வரைக்கும் திருட்டுச் சொம்புக்காரின்னு பேர் கேட்டுகினு இருந்துச்சு சார். எம் பொண்ணு அந்தப் பேரோட மணையில உக்காரக் கூடாது." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. சொம்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தெருப் பெரியவங்க ஞாயித்துக்கிழமை உக்கார்றாங்க. உங்க சீட்டுப்படி நடக்கறேன்னு அவனும் ஒத்துகினான்."

"அவர் எதை வச்சு இவ்ளோ உறுதியா சொல்றாரு?"

"அடியில திருப்பிப் பாருங்க. அவன் தாத்தா எழுத்து அடிச்சிருக்குதாம்."

திருப்பினேன். அடி விளிம்பில் மூன்று குறிகள். சீத்தாப்பழம் போல ஒன்று, அதன் கீழ் ஏதோ பொடி எழுத்து. பக்கத்தில் சிறு கட்டத்துக்குள் இங்கிலீஷில் 'சி', 'எம்'. அதற்கும் அப்பால் 13 என்ற எண்.

இங்கேதான் நான் ஆரணிக்காரனாக நடந்துகொண்டேன். நம் ஊரில் பாத்திரம் என்றால் அடியில் எழுத்து இருக்கும். வாங்கியவர் பெயர், கொடுத்தவர் பெயர், கடைக் குறி, சீர் வரிசையில் எத்தனையாவது சாமான் என்ற எண். பழம், கடைச் சின்னம். எழுத்து, வாங்கியவர். பதிமூன்று, பதிமூன்றாவது சாமான். மனதுக்குள் வழக்கை முடித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டேன். பாவம் சரசா அம்மாள். இதற்கு எதற்குக் கேமரா? குறி அடித்த இடத்தில் உலோகம் சற்று மேடாக, அரத்துக்குத் தோதாக இருந்தது. பழத்தின் மேலேயே நாலு இழுப்பு இழுத்து மெஷினில் வைத்தேன்.

நூற்றுக்கு எண்பத்தொன்று புள்ளி இரண்டு வெள்ளி.

சரசா அம்மாளை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனேன். அந்த எண் கூடவே வந்தது. வெள்ளிச் சாமானில் நான் எண்பது பார்த்திருக்கிறேன், தொண்ணூற்றிரண்டரை பார்த்திருக்கிறேன். எண்பத்தொன்று புள்ளி இரண்டு எந்த ஊர்க் கணக்கு? டீக்கடையில் யாரோ ஒரு பெரியவர் இன்னொருவரை, "அவன் பேச்சுல பத்தணாதான் நெசம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினாறு அணா முழு ரூபாய். எங்கள் தொழிலில் பழைய ஆட்கள் தரத்தைக்கூட அணாவில் சொல்வதுண்டு. பத்தணா என்றால் அறுபத்திரண்டரை. அப்படியானால் பதிமூன்று அணா?

பதிமூன்றைப் பதினாறால் வகுத்தேன். பூஜ்யம் புள்ளி எட்டு ஒன்று இரண்டு ஐந்து.

டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

கம்ப்யூட்டரில் தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. ஜெர்மனியில் அந்தக் காலத்தில் வெள்ளியைப் பதினாறு பங்காகக் கணக்குப் போட்டார்கள். ஒரு பங்குக்கு லோத் என்று பெயர். பதிமூன்று லோத் என்றால் பதினாறில் பதிமூன்று பங்கு வெள்ளி. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது 1888இல். அதிலிருந்து பிறைநிலா, கிரீடம், கூடவே 800 போன்ற ஆயிரத்துக்கான எண். அதற்கு முன்பு ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு சின்னம். பைன் மரக் காய், ஆக்ஸ்பர்க் நகரத்துச் சின்னம். காய்க்குக் கீழே உள்ள எழுத்து, செய்த காலத்தைச் சொல்லும். கட்டத்துக்குள் இருக்கும் எழுத்துகள் செய்த தட்டானுடையவை. வாங்கியவன் பெயரை அவர்கள் அப்படி அடிப்பதில்லை.

அப்படியானால் நான் சீத்தாப்பழம் என்று நினைத்தது?

லென்ஸை எடுத்துப் பார்த்தேன். பைன் காயில் காம்பு மட்டும் இருந்தது. மீதி இருந்த இடத்தில் என் அரம் போட்ட பளபளப்பு, கண்ணாடி மாதிரி. அதில் என் மூக்கு தெரிந்தது. கீழே இருந்த எழுத்தும் போயிருந்தது. அந்த அம்மாளின் ஒரே சாட்சியை நாலு இழுப்பில் அழித்திருந்தேன்.

அடுத்த அரை மணி நேரம் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். சொம்பைத் துணியில் சுற்றிப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒளித்தேன். பிறகு, பீரோவைத் திறக்கிறவர்களுக்கு அது முதலில் தெரியும் என்று தோன்றி, பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன். களம்பூர் அரிசி ஆலை ஒன்றில் எடை போடுகிற வேலை காலியாக இருப்பதாக மச்சினன் சொன்னது ஞாபகம் வந்து அவனுக்குப் போன் போட்டேன். அவன் எடுக்கவில்லை. 'நாள்பட்ட தேய்மானத்தால் தெளிவில்லை' என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. கடைசியாக, சிறு உளி ஒன்றை எடுத்துப் பைன் காயை நானே வெட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். ஒத்திகைக்கு ஒரு தகரத்தில் வெட்டினேன். அசல் கத்தரிக்காய்.

கத்தரிக்காயைப் பார்த்ததும்தான் புத்தி வந்தது. மேடத்தின் அறைக்குப் போனேன்.

"மேடம், ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயத்துக்கு ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்காயை மட்டும் சொல்லவில்லை. அவர் கடிகாரத்தைக் கழற்றி டிராயரில் வைத்தார். சொம்பை வாங்கி லென்ஸில் வெகுநேரம் பார்த்தார்.

"கேமரா எங்க போச்சு?"

"டேபிள்லதான் மேடம் இருந்துச்சு."

"அது இருந்துச்சு. நீங்க எங்க போனீங்க?"

என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

"தெரிஞ்சத எழுதுங்க. தெரியாதத எழுதுங்க. நாம பண்ணினதையும் எழுதுங்க, உங்க பேரோட."

எழுதினேன். 'நகரச் சின்னத்தின் பெரும்பகுதியும் காலக் குறி எழுத்தும் சோதனையின்போது சோதனையாளர் ஏகாம்பரத்தின் கவனக்குறைவால் தேய்க்கப்பட்டுவிட்டன.' அவர் வாய்விட்டுப் படித்தார். என் கவனக்குறைவு அவர் குரலில் இன்னும் பெரியதாகக் கேட்டது. பேனா படுக்கவில்லை.

"வெறும் பதிமூணை வச்சுகிட்டு நாம எதையும் சொல்ல முடியாது. பதிமூணாவது சாமான்னு அவர் சொன்னா சொல்லிட்டுப் போவார். முழு முத்திரை வேணும். வேற எங்கயாவது அடிச்சிருப்பானா?"

"கழட்டற பாகம் ஒவ்வொண்ணுலயும் அடிப்பாங்களாம் மேடம்." சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கழற்றுகிற பாகம் மூடி. மூடி இருப்பது கெஜேந்திரன் வீட்டில்.

மறுநாள் காலை சரசா அம்மாளிடம் முதலில் சொன்னேன், கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான். அவர் சொம்பைத் திருப்பி, பளபளத்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார்.

"இத்தினி வருசமா புளி போட்டு வெளக்கறோம். எங்க வூட்டுப் பொம்பளைங்க தேச்சு ஒண்ணும் போவல. நீங்க ஒரே நாள்ல முடிச்சிட்டீங்களே சார்," என்றார். பிறகு, "போய் மூடியக் கேளுங்க. குடுத்தா பாக்கலாம். குடுக்கலன்னா நீங்களே மண்டபத்துக்கு வந்து பதில் சொல்லுங்க."

கெஜேந்திரன் வீட்டு முன்பகுதியில் நாலு விசைத்தறிகள். அந்தச் சத்தத்தில் நான் கத்தி, அவர் கத்தி, ஊர்ச் சண்டை மாதிரி இருந்தது.

"மூடி வேணுமா? எதுக்கு?"

"சொம்புல இருந்த முத்திரைய நான் தேச்சிட்டேங்க!"

அவர் ஒரு தறியை நிறுத்தினார். "இன்னா பண்ணீங்க?"

மறுபடி சொன்னேன். இரண்டாவது தறி நின்றது. எனக்கு இது பிடிக்கவில்லை. நாலும் நின்றால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. நாலும் நின்றன. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தொழில் சுத்தம் சார் உங்களுது! இந்தா பாரு, மூடியிலயும் எங்க தாத்தா எழுத்து கீது."

மூடி ஜன்னலோரம் மல்லாந்து கிடந்தது. மேலே இருந்த குமிழை எந்தக் காலத்திலோ அறுத்து எறிந்துவிட்டு, கிண்ணமாக்கி, ஜரிகை சுற்றிய கட்டைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அவர் கட்டைகளைக் கொட்டிவிட்டு நீட்டினார். கையை நீட்டினால் மூடி கிடைத்துவிடும். வாங்கிக்கொண்டு பேசாமல் ஓடிவிடு என்றது உள்ளே ஒரு குரல். அது எப்போதும் ஓடத்தான் சொல்லும். ஆனால் முந்தின நாள் ஒளிவுமறைவில் அரை மணி நேரம் இருந்து பார்த்திருந்தேன். அந்த வியர்வை இன்னொரு தடவை வேண்டாம்.

"கெஜேந்திரன் சார், வாங்கறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிடறேன். இதுல இருக்கற குறி உங்களுக்கு எதிராவும் சொல்லலாம். அப்படித்தான் சொல்லும்னு நெனைக்கறேன். நீங்க காட்டித்தான் ஆவணும்னு கட்டாயம் இல்ல."

அவர் சிரிப்பு நின்றது. "எனக்கு இன்னாய்யா பயம்? எங்கப்பா பொய் சொல்ற ஆளு கெடையாது. பாரு நீ."

உள் விளிம்பில் இருந்தது. புளியும் சாம்பலும் படாத இடம். பைன் காய் செதில் செதிலாக, கீழே எழுத்து, கட்டத்துக்குள் 'சி', 'எம்', பக்கத்தில் 13. முதலில் படம் எடுத்தேன். ஒன்பது படம். பிறகு லென்ஸை அவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன என்று விளக்கினேன். சொம்பு 1888க்கு முன்னால் செய்தது என்றேன். அவர் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்கவில்லை. அப்படியே குனிந்திருந்தார்.

"எங்க தாத்தா அதுக்கப்புறம் எத்தினியோ வருசம் கழிச்சுத்தான் பொறந்தாரு," என்றார். லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்ப இவரு எழுத்த எவன் அடிச்சான்?"

"செஞ்சவன் எழுத்துங்க அது."

மூடியை அவரே துணியில் துடைத்து என்னிடம் கொடுத்தார். "எடுத்துகினு போ. ஞாயித்துக்கிழமை குடு." திரும்பி ஒரு தறியை மட்டும் ஓட விட்டார்.

மூடியை விரல் படாமல் சோதனைக்கு எடுத்தோம். தேய்க்க வேண்டிய இடத்தை மேடம் காட்ட, இன்னொருவர் தேய்த்தார். அரத்தை அன்று என் கையில் யாரும் தரவில்லை. மெஷினில் எண்பத்தொன்றேகாலுக்குச் சரியாக வந்தது. பழைய முத்திரைகளைப் பார்த்துப் புதிதாக அடித்துவிடும் ஆட்களும் அந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். அதனால் பழைய வெள்ளிச் சாமான் தெரிந்த சென்னைக்காரர் ஒருவருக்குப் படங்களை மேடம் அனுப்பினார். அசல்தான், காலக் குறியைப் பார்த்தால் சட்டத்துக்கு ஐம்பது அறுபது வருடம் முந்தையது என்று பதில் வந்தது. அறிக்கையின் கடைசியில் ஜெர்மன் ஆள் கொடுத்த பரிசு என்ற கதையையும் ஒரு வரி சேர்க்கலாம் என்று நான் எழுதியிருந்தேன். பேனா படுத்தது.

"முத்திரை வயசைத்தான் சொல்லும். யார் யாருக்குக் குடுத்தாங்கன்னு சொல்லாது. எடுங்க அதை."

எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நெசவாளர் சங்கக் கட்டடத்தில் கூடினார்கள். பெரியவர் ஒருவர் அறிக்கையை உரக்கப் படித்தார். என் பெயரும் கவனக்குறைவும் வந்த இடத்தில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை படித்தார். பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லையாம். மூன்றாம் தடவையும் படித்தார். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடித்ததும் சரசா அம்மாள் கேட்டார், "அப்ப அந்த ஜெர்மன்காரன் எங்க கொள்ளுத் தாத்தாவுக்குப் பழைய சாமானத்தான் தள்ளி வுட்டானா?"

கட்டடமே சிரித்தது. பெரியவர் மட்டும் சிரிக்காமல் கெஜேந்திரன் பக்கம் திரும்பினார். "உங்க தாத்தா ஆர்டர் குடுத்து செய்யலன்னு தெரிஞ்சு போச்சு. பழசா வாங்கியிருக்கலாம்னு நீ சொல்லலாம்பா. சீட்டுல அதுக்கு மறுப்பு இல்ல. சொல்றியா?"

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி தொடங்கிவிடும். சரசா அம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லிங்க," என்றார் கெஜேந்திரன். "தாத்தா செஞ்சு வாங்கினதுன்னுதான் எங்கப்பா சொன்னாரு. செஞ்சது இல்லன்னா எரவலும் இல்ல. நான் புதுசா ஒரு கதை கட்ட மாட்டேன்."

எழுந்து, மூடியை எடுத்துக்கொண்டு சரசா அம்மாள் எதிரில் வந்து நின்றார். அதுவரை அவரை 'அந்தம்மா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூடிய வச்சிக்கோ அக்கா. கல்யாணத்துக்கு ஆவும்."

சொம்பின் மேல் வைத்தார். உட்காரவில்லை. அழுத்தினார். ஆடியது. எங்கே நசுக்கிவிடுவாரோ என்று பதறி நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"தேய்க்கற சார், நீங்க அங்கயே நில்லுங்க," என்றார் சரசா அம்மாள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு கெஜேந்திரனின் கை மேல் தன் கையை வைத்து மூடியைக் கால் வட்டம் திருப்பினார். "மூடியோட பல்லு மூக்குக்கு நேரா வரணும்டா கெஜா. எங்கம்மா சொல்லும்."

உட்கார்ந்துவிட்டது.